இந்திரலால் ராய்க்கும் டி.சி. கொடுத்திருப்பீங்க!

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. எழுதற அளவுக்குக் கோவம் வரலைன்னு வெச்சுக்கோங்க. இந்த ஆகஸ்ட் 15-ல வந்துருச்சு.

அக்கா பொண்ணு டான்ஸ் ஆடறான்னு மல்லசமுத்திரத்துப் பக்கத்துல இருக்கற ஒரு பெரிய தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் பேர் வேண்டாம். எங்க ஜில்லாவைத் தெரிஞ்சவங்களுக்கு விளக்கவே தேவையில்லை. நாமக்கல்லுன்னா முட்டை, லாரி, பள்ளிக்கூடம். மூணுமே மொத்த வியாபாரம்தான்.

கொடி ஏத்தி, மிட்டாய் கொடுத்து முடிச்சதும் எட்டாவது படிக்கிற ஒரு பாப்பா மைக் முன்னாடி வந்துச்சு. தலைப்பு இந்திரலால் ராய். முதல் உலகப் போர்ல சண்டை விமானம் ஓட்டின நம்ம நாட்டுப் பையன். அட, நம்ம சப்ஜெக்ட்டாச்சேன்னு நிமிர்ந்து உட்கார்ந்தேன். (பழைய விமானம்னா எனக்கு ஒரு கிறுக்கு உண்டுன்னு ரெகுலரா இங்க வர்றவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க தப்பிச்சீங்க.)

பாப்பா நல்லாத்தான் பேசுச்சு. குறை சொல்ல மாட்டேன். யாரோ எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துத் தட்டாம சொல்லுச்சு. "கழுகுக் கண் படைத்தவர்! பயம் என்ற சொல்லே அறியாதவர்! பிறவியிலேயே வீரர்! பதிமூன்றே நாட்களில் பத்து விமானங்களை வீழ்த்தியவர்!" கைதட்டல் பிச்சுக்கிச்சு. அடுத்து தாளாளர் மைக்கைப் பிடிச்சார். வெற்றியாளர்கள் பிறக்கறாங்களாம். அந்த மாதிரிப் பிள்ளைங்களைத் தேடித் தேடிச் சேர்க்கறதுதான் அவங்க பள்ளியோட ரகசியமாம்.

எனக்கு உச்சியில ஏறிருச்சுங்க.

ஏன்னா இதே பள்ளிக்கூடத்துல, இதே அக்காவோட மூத்த பையனை, ஒன்பதாவது முழுப் பரீட்சை முடிஞ்ச கையோட கூப்பிட்டு டி.சி. கொடுத்தாங்க. நானும் அக்காவும் போய் நின்னோம். "இன்னும் ஒரு வருஷம் வெச்சுப் பாருங்க சார், பையன் இப்பத்தான் புடிச்சுக்கிட்டு வர்றான்"னு அக்கா கேட்டாங்க. "பத்தாவது ரிசல்ட் அடிபடுமுங்க. நீங்களா வாங்கிக்கிட்டா நல்ல டி.சி.யா கொடுத்துருவோம்"னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம். அஞ்சு வருஷம் ஃபீஸ் கட்டின இடம்.

அந்த மேடையில போய் கழுகுக் கண், பிறவி வீரன்!

சரி, இப்ப நிஜக் கதையைப் பார்ப்போம். ஒண்ணு சொல்லிக்கறேன். இந்த இந்திரலால் ராய் செத்தப்ப வயசு 19. "அவர்"னு எழுதினா சிலை ஆயிருவான். எனக்கு அவன் ஒரு பையன். "அவன்"னே எழுதறேன். வங்காளத்து நண்பர்கள் யாராச்சும் படிச்சா மன்னிச்சுக்கோங்க.

கழுகுக் கண்ணாம்!

பொறந்தது கல்கத்தா, 1898 டிசம்பர் 2. அப்பா பியாரேலால் ராய் பெரிய வக்கீல். அம்மா லலிதா ராய் லண்டன்ல பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1911-ல நடந்த ஊர்வலத்துல நடந்தவங்க. பசங்க படிச்சது லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளிக்கூடம். அண்ணன் பரேஷ்லால் ராயை இந்தியக் குத்துச்சண்டையோட தந்தைன்னு சொல்வாங்க. அதாவது நம்ம பையன் அரண்மனை இல்லாட்டியும் நல்ல மாடி வீட்டுப் பையன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1917-ல 18 வயசு. விமானப்படையில சேரணும்னு போய் நிக்கறான். அப்ப அதுக்கு பேரு ராயல் ஃப்ளையிங் கோர். ரைட் சகோதரர்கள் பறந்தே 14 வருஷம்தான் ஆச்சு. நம்ம மெட்ராஸ்ல முதல்முதலா ஒரு விமானம் எழும்பினதே 1910-லதான். அதனால எவனும் பரம்பரைப் பைலட்டுன்னு சொல்லிக்க வழியில்லாத காலம்.

என்ன சொன்னாங்க தெரியுமா? கண்ணு சரியில்லை, போயிட்டு வா தம்பி. ரிஜெக்ட்!

ஆமாங்க. கழுகுக் கண்ணுன்னு மேடையில முழங்கினீங்களே, அந்தக் கண்ணுதான் மொதல் டெஸ்ட்டுலயே ஃபெயில். பையன் என்ன பண்ணினான்னா, தன்னோட மோட்டார் சைக்கிளை வித்து, அந்தக் காசுல லண்டன்ல பெரிய கண் டாக்டர் ஒருத்தர்கிட்டப் போய் மறுபடி காட்டினான்னு சொல்வாங்க. அவர் பார்வை போதும்னு எழுதிக் கொடுத்தார். பழைய முடிவு மாறுச்சு. 1917 ஏப்ரல்ல பயிற்சிக்குச் சேர்ந்து, ஜூலை 5-ந் தேதி செகண்ட் லெப்டினன்ட் ஆனான்.

இது மொதல் தோல்வி. எண்ணிக்கிட்டே வாங்க.

37 நாள்: பூஜ்யம்

1917 அக்டோபர் 30. பிரான்ஸ்ல இருந்த 56-வது ஸ்குவாட்ரன்ல கொண்டு போய் விட்டாங்க. அது சாதாரண இடமில்லை. ஆல்பர்ட் பால், மெக்கடன்னு அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார்கள் பேர் போட்ட ஸ்குவாட்ரன். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா 'ஏ செக்ஷன்'.

வண்டி எஸ்.இ.5ஏ. மரச்சட்டம், மேல துணி. ஒத்தை ஆள். முன்னாடி என்ஜின் மேல ஒரு விக்கர்ஸ் துப்பாக்கி, அது சுத்தற விசிறி இடுக்குல குண்டு போற மாதிரி செட் பண்ணினது. மேல் றெக்கைக்கு மேல ஒரு லூயிஸ் துப்பாக்கி. அதுல குண்டு தீர்ந்துச்சுன்னா, பறந்துக்கிட்டே அதைக் கீழ இழுத்து டிரம்மை மாத்தணும். குளிர்ல விரல் விறைச்சுப் போயிருக்கும். வண்டியும் ஓட்டணும், பின்னாடி எவன் வர்றான்னும் பார்க்கணும். பாராசூட்? பிரிட்டிஷ் பைலட்டுகளுக்குக் கடைசி வரைக்கும் கொடுக்கவே இல்லை.

எங்க திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிக்குப் போற பசங்களைக் கேட்டுப் பாருங்க. புதுசா வந்தவனை மொத நாளே லீவர்கிட்ட விட மாட்டாங்க. ராடு தூக்கணும், மண்ணு அள்ளணும், சத்தத்தை வெச்சே பாறையா களிமண்ணான்னு காது பழகணும். அப்புறம்தான் டிரில்லர் பக்கத்துல நிக்க விடுவாங்க. நிலத்துல துளை போடற தொழிலுக்கே அப்படி. வானத்துல சண்டை போட அந்தக் காலத்துல சில மாசப் பயிற்சிதான். எத்தனையோ பசங்க எதிரியைப் பார்க்கறதுக்கு முன்னாடி, பயிற்சியிலயே விழுந்து செத்தாங்க. விமானம் சுழல ஆரம்பிச்சா எப்படி வெளிய வர்றதுன்னு ஒழுங்கா, முறையாச் சொல்லித்தர ஆரம்பிச்சதே 1917-ல, ஸ்மித்-பேரின்னு ஒருத்தர் காஸ்போர்ட்ல பள்ளிக்கூடம் போட்ட பிறகுதான்.

நம்ம பையன் 56-வது ஸ்குவாட்ரன்ல 37 நாள் இருந்தான். வீழ்த்தின விமானம் எத்தனை? ஒண்ணுகூட இல்லை. டிசம்பர் 6-ந் தேதி வண்டி தரையில மோதி நொறுங்கிருச்சு. பலத்த அடி. செத்துட்டான்னு நினைச்சு பிணவறையில போட்டுட்டாங்க, நினைவு வந்து உள்ள இருந்து கதவைத் தட்டினான்னு ஒரு கதை காலங்காலமா சொல்வாங்க. நம்ம பாப்பாவும் மேடையில டொக் டொக்னு மைக்கைத் தட்டிக் காட்டுச்சு, கூட்டம் சிரிச்சுச்சு. நல்ல சீன்தான். ஆனா அந்தக் கதவைத் திறந்த பிறகு என்ன நடந்துச்சுங்கறதைத்தான் எவனும் எழுதிக் கொடுக்கலை.

அவன் ஃப்ளைட்டுக்குத் தலைவரா இருந்த கேப்டன் மேபெரி, பெரிய சூரர், 20 விமானத்துக்கு மேல வீழ்த்தினவர், டிசம்பர் 19-ந் தேதி செத்துட்டார். நம்ம பையன் அன்னிக்கு அவர்கூடப் பறக்கலை. படுக்கையில இருந்தான்.

யாரும் கை தட்டாத 195 நாள்

இங்கதான் நான் சண்டை போட வந்திருக்கேன்.

டிசம்பர் 6-ல விழுந்தவன், 1918 ஜூன் 19-ந் தேதிதான் திரும்ப ஒரு சண்டை ஸ்குவாட்ரனுக்கு வர்றான். காலண்டரை வெச்சு எண்ணிட்டேன். 195 நாள். இந்த 195 நாள்ல அவன் யாரு? ஏற்கெனவே கண்ணு சரியில்லைன்னு ஒரு தடவை தள்ளப்பட்டவன். நல்ல ஸ்குவாட்ரன்ல போய் ஒண்ணும் சாதிக்காம, வண்டியையும் நொறுக்கிட்டு வந்தவன். டாக்டருங்க பறக்கத் தகுதியில்லைன்னு எழுதிட்டாங்க. தரையில வேலை பாருன்னு போட்டாங்க. அந்த நேரத்துல அவன் உட்கார்ந்து விமானமா படம் வரைஞ்சிருக்கான். பென்சில் படம். அதுல பல படம் இன்னிக்கும் இருக்கு. ஒரு பக்கம் படம், இன்னொரு பக்கம் மேலதிகாரிகளை விடாம நச்சரிப்பு. எனக்கு மறுபடி பறக்கணும், மறுபடி கத்துக்கணும்.

கடைசியா சரின்னு விட்டாங்க. மறுபடி பயிற்சி.

ரிசல்ட் அடிபடுமுங்கன்னு எவனும் டி.சி. எழுதலை. இத்தனைக்கும் அது போர். ஒரு எஸ்.இ.5ஏ நொறுங்கினா நஷ்டம் நிஜமான நஷ்டம். ஒரு ஆள் சொதப்பினா பக்கத்துல பறக்கறவன் உயிர் போயிரும். அந்த நிலைமையில இருந்தவங்களே இன்னொரு தடவை பார்க்கலாம்னு முடிவு பண்ணினாங்க. ஏதோ தங்க மனசுன்னு நினைக்காதீங்க. ஆள் பத்தலை, அவ்வளவுதான். ஆனாலும் பாருங்க, குண்டு மழைக்கு நடுவுல இருந்தவனுக்கு இருந்த பொறுமை, ஏ.சி. ரூம்ல உட்கார்ந்திருக்கற நம்ம தாளாளருக்கு இல்லை.

மூணு தலைமுறை லேட் பிக்கப்

1918 ஜூன் 19-ல அவன் போய்ச் சேர்ந்தது 40-வது ஸ்குவாட்ரன். (அதுக்குள்ள ராயல் ஃப்ளையிங் கோர் இல்லை. 1918 ஏப்ரல் 1-ந் தேதியில இருந்து ராயல் ஏர் ஃபோர்ஸ்.) ஃப்ளைட் கமாண்டர் ஜார்ஜ் மெக்எல்ராய், அயர்லாந்துக்காரர்.

இந்த மெக்எல்ராய் கதை தெரியுமா? 1917 ஆகஸ்ட்ல இதே 40-வது ஸ்குவாட்ரனுக்கு வந்தவர். மொத விமானத்தை வீழ்த்தினது டிசம்பர் 28-ல. நாலு மாசத்துக்கு மேல ஒண்ணும் இல்லை! கடைசியில அவர் கணக்கு 40-ஐ சர்வ சாதாரணமா தாண்டுச்சு.

அந்த நாலு மாசம் மெக்எல்ராயைப் பக்கத்துல வெச்சுப் பழக்கினது யாரு? எட்வர்ட் 'மிக்' மானக். அவர் கதை இன்னும் மோசம். 1917 ஏப்ரல்ல அதே ஸ்குவாட்ரனுக்கு வந்தார். மே மாசம் ஒரு பலூன். மொத விமானம் ஜூன்லதான். நடுவுல கூட இருந்தவங்க 'பயந்தாங்கொள்ளி'ன்னு கிசுகிசுக்கிற அளவுக்கு நிலைமை. பயம் இருந்துச்சுங்க அவருக்கு. மறைச்சதும் இல்லை. பிற்பாடு பிரிட்டிஷ் பக்கம் முதல் வரிசையில வெச்சு எண்ணப்பட்டவர் இந்த ஆள்தான். புதுப் பசங்களைப் பொறுமையாப் பழக்கறதுக்கும் பேர் போனவர். மேல இருந்து இறங்கு, கீழ மாட்டிக்காதே, சந்தேகம்னா விட்டுட்டு வந்துடு. இப்படிப் பாடமா சொல்லித்தர்றவர்.

மானக்கிட்ட இருந்து மெக்எல்ராய். மெக்எல்ராய்கிட்ட இருந்து நம்ம பையன். மூணு பேரும் லேட் பிக்கப். மூணு பேரும் நாமக்கல்லுல படிச்சிருந்தா ஒன்பதாவதுலயே வெளிய!

'பயம் அறியாதவர்'னு இனிமே எவனாச்சும் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தா, பேனாவைப் புடுங்கிடுங்க. பயம் அறியாதவனுங்க மொத வாரத்துலயே செத்தானுங்க.

அந்த 13 நாள்

40-வது ஸ்குவாட்ரன்லயும் மொத 17 நாள் ஒண்ணும் இல்லை. அப்புறம்தான் மடை திறந்துச்சு.

ஜூலை 6: ஒரு ஹனோவர்.
ஜூலை 8: நாலே மணி நேரத்துல மூணு. ரெண்டு ஹனோவர், ஒரு ஃபோக்கர் டி.7.
ஜூலை 13: ரெண்டு. ஒரு ஹனோவர், ஒரு ஃபால்ஸ்.
ஜூலை 15: ரெண்டு ஃபோக்கர் டி.7.
ஜூலை 18: ஒரு டி.எஃப்.டபிள்யூ.
ஜூலை 19: ஒரு ஹனோவர்.

கூட்டினா பத்து. அஞ்சு வீழ்த்தினாலே 'ஏஸ்'. முதல் உலகப் போர்ல அந்தப் பட்டம் வாங்கின ஒரே இந்தியன் இவன்தான்.

'பத்து'ன்னு மார்தட்டறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். அவனுக்குக் கொடுத்த டி.எஃப்.சி. பதக்கத்துக்கான அரசிதழ்க் குறிப்புல 13 நாள்ல ஒன்பதுன்னு இருக்கு. கணக்குல வர்ற பத்துல ரெண்டு கூட்டாளிகளோட சேர்ந்து வீழ்த்தினது. அந்தக் காலத்துல எரிஞ்சு விழுந்தது, கட்டுப்பாடு இழந்து கீழ போனது ரெண்டையும் வெற்றிக் கணக்குலதான் சேர்ப்பாங்க. அந்தப் பத்துல ஆறு, ரெண்டு பேர் உட்கார்ந்து போற வேவு விமானம். பின்னாடி உட்கார்ந்தவன் கையிலயும் துப்பாக்கி இருக்கும், நேர் பின்னாடி போனா உன்னைத்தான் சுடுவான். இதையெல்லாம் சொல்றது அவனைக் குறைக்கறதுக்கு இல்லைங்க. இது கூட்டு வேலை, பழகின வேலைன்னு புரிய வைக்கத்தான். டெண்டுல்கர் செஞ்சுரி மாதிரி ஸ்கோர் போர்டைக் காட்டிக் கை தட்டறதுல எனக்கு உடன்பாடில்லை. அந்த ஹனோவர்லயும் 19 வயசுப் பசங்க இருந்திருப்பாங்க.

ஜூலை 22. கார்வின் ஊருக்கு மேல ஃபோக்கர்களோட நடந்த சண்டையில அவன் விமானம் தீப்பிடிச்சு விழுந்துச்சு. பத்தாவது விமானத்தை வீழ்த்தி மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு. 20-வது பொறந்த நாளுக்கு இன்னும் நாலு மாசத்துக்கு மேல பாக்கி. ஜூலை 26-ல மானக். ஜூலை 31-ல மெக்எல்ராய். பத்தே நாள்ல குரு, சிஷ்யன், சிஷ்யனுக்கு சிஷ்யன்.. மூணு பேரும் போயாச்சு. பிரான்ஸ்ல எஸ்டெவெல்ங்கற சின்ன ஊர்ச் சுடுகாட்டுல அவனைப் புதைச்சாங்க. கல்லுல வங்காள எழுத்து இருக்கு. பதக்கம் செப்டம்பர்ல அறிவிச்சாங்க. வாங்க ஆள் இல்லை.

'வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவன்தானே?'

இந்தப் பின்னூட்டம் எப்படியும் வரும்னு தெரியும். போன தடவை இதே மாதிரி ஒரு பதிவுக்கு ஒரு நண்பர் நாலு பத்தி திட்டி எழுதியிருந்தார். அடிமைச் சேவகன், ஏகாதிபத்தியக் கைக்கூலி, இன்ன பிற. அண்ணே, உங்க கோவம் புரியுது. ஆனா ஒரு நிமிஷம்.

அந்தப் போருக்கு இந்தியாவுல இருந்து 13 லட்சம் பேர் போனாங்க. 74 ஆயிரம் பேருக்கு மேல திரும்பலை. வேலூர் லாங்கு பஜார்ல மணிக்கூண்டு இருக்கே, அதுல ஒரு கல்லு பதிச்சிருக்காங்க. இந்த ஊர்ல இருந்து பெரும்போருக்கு 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரைக் கொடுத்தாங்கன்னு. பேர்கூட இல்லை. வெறும் எண்ணிக்கை. இவங்க எல்லாம் கைக்கூலியா? கூலி தேடிப் போனவங்கண்ணே. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

அந்த 277 பேர்ல எவ்வளவு கெட்டிக்காரன் இருந்திருந்தாலும் விமானம் ஓட்ட விட்டிருப்பாங்களா? வாய்ப்பே இல்லை. பட்டாளத்துல இந்தியனுக்கு சுபேதார், ஜமேதார் அளவுதான். வெள்ளைக்கார அதிகாரிக்குச் சமமான கமிஷனை இந்தியனுக்குத் திறந்ததே 1917 ஆகஸ்ட்லதான். அப்ப அதிகாரியா சண்டை விமானம் ஓட்டின இந்தியர்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். இந்திரலால் ராய், ஹர்தித் சிங் மாலிக், வெலிங்கர், எரல் சென். நாலு பேருமே இங்கிலாந்துல படிச்ச, வசதியான வீட்டுப் பசங்க. அதுல மாலிக்கையே மொதல்ல சேர்த்துக்கலை. அவர் பிரெஞ்சுக்காரங்களுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டப் போயிட்டார். பிரெஞ்சு விமானப்படையிலயே சேரத் தயாரானப்ப, ஆக்ஸ்போர்ட்ல அவருக்குப் பாடம் எடுத்தவர் இங்க இருந்த பெரிய ஜெனரலுக்குக் கடிதம் போட்ட பிறகுதான் கதவு திறந்துச்சு.

நல்லாப் பாருங்க. மோட்டார் சைக்கிள் இருந்தவனுக்கு ரெண்டாவது டாக்டர். ஆக்ஸ்போர்ட் வாத்தியார் இருந்தவனுக்கு ரெண்டாவது கடிதம். 277 பேருக்கு ஒரு கல்லு.

போர் முடிஞ்சதும் திறந்த கதவைப் படார்னு சாத்திட்டாங்க. இந்தியனால பறக்க முடியாது, பொறுப்பா இருக்க மாட்டான்னு அதே பழைய பல்லவி. அடேய், ஒருத்தன் 13 நாள்ல செஞ்சு காட்டிட்டு செத்தானே! ஸ்கீன் கமிட்டின்னு ஒண்ணு போட்டு, அது சிபாரிசு பண்ணி, 1930-ல சில பசங்களை கிரான்வெல்லுக்குப் பயிற்சிக்கு அனுப்பி, 1932 அக்டோபர் 8-ல தான் இந்திய விமானப்படைன்னு ஒண்ணு சட்டப்படி வந்துச்சு. அவன் செத்து 14 வருஷம் கழிச்சு. சுதந்திர இந்தியா அவனுக்குத் தபால் தலை போட்டது 1998-ல.

அதனால கைக்கூலின்னு திட்டற அண்ணனுக்கும், வங்கச் சிங்கம்னு முழங்கற தாளாளருக்கும் ஒரே பதில்தான். ரெண்டு பேரும் அந்தப் பையன் கதையில பாதியைத்தான் படிச்சிருக்கீங்க. அவன் யாருக்காகச் சண்டை போட்டான்னு ஒருத்தர் கேட்கறீங்க. எத்தனை வீழ்த்தினான்னு இன்னொருத்தர் எண்ணறீங்க. அவனுக்கு எத்தனை தடவை வாய்ப்புக் கிடைச்சுது, எதனால கிடைச்சுது, மத்தவனுக்கு ஏன் கிடைக்கலைன்னு கேளுங்கய்யா.

எனக்கு நானே கேட்டுக்கிட்டது

நேர்மையா ஒண்ணு ஒத்துக்கணும். டிசம்பர்ல விழுந்தப்பவே அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தா, பையன் உயிரோட இருந்திருப்பான். கல்கத்தாவுல வக்கீலாகி, தொந்தியும் தொப்பையுமா, பேரப் பிள்ளைங்களுக்குப் பென்சில் படம் வரைஞ்சு காட்டியிருக்கலாம். ரெண்டாவது வாய்ப்புதான் அவனைக் கொன்னுச்சு. அந்த அம்மா லலிதாவை நினைச்சா எனக்கும் தொண்டை அடைக்குது. போரைப் புகழ்ந்து ஒரு வரி எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆனா நான் சொல்ல வந்தது சாவைப் பத்தி இல்லையே. கத்துக்கறதைப் பத்தி. ஒரு ஆளுக்கு ஒரு வேலை வர்றதுக்கு நாளாகும். சிலருக்கு 37 நாள் பத்தாது. இன்னொரு 195 நாள் வேணும். பக்கத்துல ஒரு மெக்எல்ராய் வேணும். அந்த மெக்எல்ராயும் முன்னாடி திணறினவரா இருந்தா இன்னும் நல்லது. போர்க்களத்துல இது நடந்துச்சு. எங்க ஜில்லா பள்ளிக்கூடத்துல நடக்காதுங்கறீங்க. ஏன் சாமி? இங்க யாரும் குண்டு போடலையே? போனா என்ன போகும்? ஃபிளெக்ஸ் பேனர்ல 100-க்குப் பதிலா 98 சதவீதம்னு போடணும். அவ்வளவுதானே?

ஏற்கெனவே நல்லாப் படிக்கிற பிள்ளையா பொறுக்கி எடுத்துச் சேர்த்து, திணறறதை எல்லாம் ஒன்பதாவதுல கழிச்சு விட்டுட்டு, மிச்சம் இருக்கறதைக் காட்டி 'எங்கள் சாதனை'ன்னா, அதுக்குப் பேரு பள்ளிக்கூடமா? புதன்கிழமை எங்க ஊர்ல பருத்தி ஏலம் நடக்கும். அங்க வர்ற வியாபாரிகூட மூட்டையில கைவிட்டுப் பார்த்து, இது மட்டம், இது நயம்னு தனித்தனியா விலை சொல்லி ரெண்டையும்தான் எடுத்துக்கறான். மட்டம்னு குப்பையில கொட்டறதில்லை.

எல்லாப் பள்ளியும் அப்படின்னு சொல்லலை. நல்ல வாத்தியார்கள் எல்லா இடத்துலயும் இருக்காங்க, தனியார்லயும் இருக்காங்க. அந்த ரூம்ல அன்னிக்கு நாங்க உட்கார்ந்திருந்தப்ப, மூலையில நின்ன ஒரு சார் எங்களை நிமிர்ந்தே பார்க்கலை. அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

பையன் இப்ப உள்ளூர் அரசுப் பள்ளியில பத்தாவது. படம் மாதிரி ஸ்டேட் ஃபர்ஸ்ட் எல்லாம் வந்துரலை. காலாண்டுல கணக்குல 47. போன வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துல 22. கணக்கு டீச்சர் சாயந்திரம் அரை மணி நேரம் உட்கார வெச்சுச் சொல்லித்தர்றாங்களாம். தனிக் காசு எதுவும் வாங்கறதில்லை. "என்ன மாப்ள, எப்படிப் போகுது"ன்னு கேட்டேன். "புரியுது மாமா, ஆனா லேட்டாப் புரியுது"ன்னான். லேட்டாப் புரியட்டும். இந்திரலால் ராய் கதையை முழுசா சொன்னேன். மோட்டார் சைக்கிள், டாக்டர், பிணவறைக் கதவு, பென்சில் படம், எல்லாம். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, அந்த ஆறு மாசம் அவங்க வீட்டுல திட்டலியா?"

எனக்குப் பதில் தெரியலை. உங்கள்ல யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.

டிஸ்கி 1: அந்தப் பேச்சுப் போட்டிப் பாப்பாவுக்கு முதல் பரிசு. பாப்பா மேல கோவமே இல்லை. அடுத்த வருஷம் இதே தலைப்பு வந்தா நானே எழுதித் தர்றேன், 195 நாளையும் சேர்த்து.

டிஸ்கி 2: மக்களே, உங்க ஊர்ப் பக்கம் வேலூர்ல இருக்கற மாதிரி 'இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போனாங்க'ன்னு பெரும்போர்க் கல்லு எங்கயாச்சும் இருந்தா, படம் எடுத்துப் பதிவா போடுங்க. பின்னூட்டத்துல சுட்டி கொடுங்க, நானும் வந்து படிக்கறேன். கைக்கூலி அண்ணனும் தாராளமா வரலாம், கும்மி உண்டு.